எடிட்டர் மகாராஜாவின் ஒரே வாசகி

சங்கரன்கோவிலில் எடிட்டர் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற ஆள் ஒருவன்தான். பெயர் மகாராஜா. வயது இன்னும் முப்பதைத் தொடவில்லை. இஸ்திரி கலையாத கதர்ச் சட்டை, தோளில் ஜோல்னாப் பை, மேலே பார்த்துக்கொண்டே ஒரு நடை. அந்தப் பைக்குள் என்னதான் வைத்திருக்கிறான் என்று ஒருநாள் எட்டிப் பார்த்தேன். டிபன் பாக்ஸும் போன் சார்ஜரும் கிடந்தன. எழுதுகிறவன் பையில் ஒரு பேனா வேண்டாமா என்று கேட்டேன்.

"இப்பல்லாம் போன்லயே டைப் பண்ணிருதோம் அண்ணாச்சி. நீங்க இன்னும் பழைய காலத்துலயே இருக்கிய" என்றான்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பத்திரிகைக் கடை வைத்திருப்பவன் நான். தினசரி, வாராந்திரி, ராசிபலன், கோலப் புத்தகம் என்று எல்லாம் என் கையைத் தாண்டித்தான் ஊருக்குள் போகும். எது விற்கும், எது கட்டுப் பிரிக்காமல் திரும்பிப் போகும் என்பது எனக்குத் தெரியும். மகாராஜாவின் பத்திரிகை இரண்டாவது வகை. அவன் வாழ்க்கை வரலாற்றை நான் சொல்லாவிட்டால் அவனே எழுதிவிடுவான். அந்தக் கொடுமைக்கு இது தேவலை.

மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துப் பையன். தகப்பனுக்கு மானாவாரி நிலமும் கொஞ்சம் ஆடுகளும். பையன் பள்ளிக்கூடத்திலேயே கவிதை எழுதியிருக்கிறான். ஆண்டு விழாவில் வாசித்தபோது தலைமையாசிரியர் கைதட்டியிருக்கிறார். தலைமையாசிரியர்கள் எல்லாவற்றுக்கும்தான் கைதட்டுவார்கள். இவன் அதை நம்பிவிட்டான். தமிழ் பி.ஏ. முடித்த கையோடு சென்னைக்குப் போய் ஒரு வாரப் பத்திரிகையில் சேர்ந்தான். அங்கே என்ன எழுதினாய் என்று கேட்டால் "சினிமா பகுதி" என்பான். தோண்டித் துருவிக் கேட்டால்தான் உண்மை வரும். நடிகைகளின் படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதுவது அவன் வேலை. அந்தப் பத்திரிகையும் கொஞ்ச நாளில் அச்சை நிறுத்திவிட்டு இன்டர்நெட்டுக்குப் போய்விட்டது. போகும்போது இவனைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஊருக்குத் திரும்பி வந்தவன், "பெருநகரம் என் எழுத்தை மூச்சுமுட்ட வைத்தது" என்று பேஸ்புக்கில் எழுதினான். அதற்கும் நாலு பேர் கைதட்டினார்கள்.

அப்போதுதான் ஆறுமுகச்சாமிக்கு ஒரு பத்திரிகை தேவைப்பட்டது. ஆறுமுகச்சாமி எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகக்காரர். வார்டு எலெக்‌ஷனில் நிற்க வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் அரிப்பு. நிற்கிறவனுக்குப் போஸ்டர் மட்டும் போதாது, ஒரு மாதப் பத்திரிகையும் வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கோயில் குளத்தின் பெயரிலிருந்து பாதியை எடுத்து 'ஆவுடை' என்று பெயர் வைத்தார். முதல் பக்கத்தில் அவர் கைகூப்பிக்கொண்டு நிற்கும் படம். கடைசிப் பக்கத்தில் அவர் கைகூப்பாமல் நிற்கும் படம். நடுவிலுள்ள பக்கங்களை நிரப்ப ஓர் ஆள் வேண்டும். மகாராஜா போய்ச் சேர்ந்தான்.

ஆவுடையில் எழுதுகிறவர்கள் ஏராளம். தலையங்கம் எழுதுவது ஆறுமுகச்சாமி, சமையல் குறிப்பு சண்முகசுந்தரி, மருத்துவப் பக்கம் டாக்டர் பாண்டியராஜ், கவிதை இளவேனில். அத்தனை பேரும் மகாராஜாதான். ராசிபலன்கூட அவன்தான். போன மாதம் மேஷத்துக்குப் போட்டதை இந்த மாதம் ரிஷபத்துக்கு நகர்த்திவிடுவான். இப்படி ஒரு ராசிக்காரனுக்கு வருகிற நல்லது கெட்டது எல்லாம் வரிசையாக அடுத்தவனுக்கும் போய்ச் சேரும். பொதுவுடைமை என்றால் அதுதான்.

எல்லாவற்றையும்விட அவன் பெருமைப்படுகிற பகுதி 'கோமதியக்கா பதில்கள்'. பெண்கள் மனக்குறையை எழுதிப் போட வேண்டியது, கோமதியக்கா ஆறுதல் சொல்ல வேண்டியது. கோமதியக்கா யார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கேள்வி கேட்கிற பெண்களும் அவன்தான். ஆவுடைக்கு எவளும் கடிதம் எழுதியது கிடையாது.

கேள்வி எழுதுவது அவனுக்குக் கஷ்டமில்லை. கீழே போடுகிற பெயரும் ஊரும்தான் கஷ்டம். சுற்று வட்டாரம் முழுக்க நம் பத்திரிகை போகிறது என்று விளம்பரம் கொடுக்கிறவனுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். அச்சகத்தில் இதுவரை அடித்த கல்யாணப் பத்திரிகைகளையெல்லாம் பெரிய ஆல்பங்களில் ஒட்டி வைத்திருப்பார்கள். மாடல் பார்க்க வருகிறவர்களிடம் காட்டுவதற்காக. மகாராஜா அந்த ஆல்பத்தைத் திறப்பான். மணமகளின் பெயரை எடுத்துக்கொள்வான், மணமகனின் ஊரை எடுத்துக்கொள்வான். கல்யாணமான பெண் புருஷன் ஊரில்தானே இருப்பாள், அப்போதுதான் கடிதத்தில் உயிர் இருக்கும் என்று என்னிடமே விளக்கினான். தான் எடுப்பது உயிரோடு இருக்கிற ஒருத்தியின் பெயரையும் விலாசத்தையும் என்பது அந்த மண்டையில் உறைக்கவே இல்லை. சென்னையில் பயிற்சி பெற்ற மண்டை.

ரொம்ப நாள் முடி உதிர்வதும், பிள்ளை சாப்பிடாததும், மாமியார் முகம் கொடுக்காததுமாகக் கேள்விகள் ஓடின. ஆவுடை என் கடையிலிருந்து இலவசமாகப் போய் விழுகிற இடங்கள் சுற்று வட்டாரத்துச் சலூனும் டீக்கடையும். அங்கே படிக்கிறவர்களுக்கு முடி உதிர்வதில் ருசி இல்லை. "கொஞ்சம் விறுவிறுப்பா போடும்வே" என்று ஆறுமுகச்சாமி சொல்லியிருக்கிறார். உடனே மகாராஜா போட்டான்.

'அன்புள்ள கோமதியக்கா, என் கணவர் வெளி மாநிலத்தில் வேலை பார்க்கிறார். அவருடைய தம்பி குடித்துவிட்டு வந்து இரவில் என் அறைக் கதவைத் தட்டுகிறார். மாமியாரிடம் சொன்னால் என்னையே குறை சொல்கிறார். நான் என்ன செய்வது? - பொன்மணி, பனவடலிசத்திரம்.'

கோமதியக்கா பதில் சொல்லியிருந்தாள். 'சகோதரி, பொறுமையாக இருங்கள். கதவுக்கு நல்ல தாழ்ப்பாளாகப் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் நெய் விளக்கு ஏற்றுங்கள்.'

அந்த இதழ் வந்து சில நாள் கழித்து ஒரு பெரியவரும் ஒரு பெண்ணும் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே என் கடைக்கு வந்தார்கள். அவர் தோளில் துண்டு, கையில் ஆடு மேய்க்கிற கம்பு. அதைக்கூட வைத்துவிட்டு வர நேரமில்லாமல் கிளம்பியிருக்கிறார். பெயர் மூக்காண்டி. அந்தப் பெண் ஆவுடையைச் சுருட்டிக் கையில் பிடித்திருந்தாள்.

"ஏயா, இந்தப் புஸ்தகத்த அடிக்குதவன் எங்கன இருக்கான்?" என்றார் மூக்காண்டி.

"என்ன விஷயம் அண்ணாச்சி?"

"இது எம் பொண்ணு பொன்மணி. பனவடலிசத்திரத்துல கட்டிக் குடுத்திருக்கேன். மருமகன் திருச்சூர்ல பேக்கரியில நிக்காரு. எவனோ ஒரு சண்டாளன் இவ பேர்ல என்னமோ எழுதிப் போட்டுட்டான். சலூன்ல ஒருத்தன் சத்தமா வாசிச்சிருக்கான். இன்னொருத்தன் படம் பிடிச்சு ஊரு வாட்சப்புல போட்டுட்டான். குடும்ப மானத்தப் புஸ்தகத்துல ஏத்திட்டியேன்னு இவள அடிச்சு வெளிய தள்ளிட்டாவ. பால்வாடிக்குப் போற பொட்டப்பிள்ள ஒண்ணு இருக்கு. அதப் பிடிச்சு வச்சுக்கிட்டு குடுக்க மாட்டேங்காவ. இவ எழுதலன்னு அந்தப் புஸ்தகக்காரன் வாயால வந்தாத்தான் பிள்ளையக் கண்ணுல காட்டுவாவளாம்."

கடையை அடுத்த கடைக்காரரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு நானே அவர்களை அச்சகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆறுமுகச்சாமி நாற்காலியில் இருந்தார். மகாராஜா கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அது வேற பொன்மணியா இருக்கும்."

"எங்க ஊர்ல வேற பொன்மணி கிடையாது" என்றாள் அவள்.

அதற்குமேல் அவனால் முடியவில்லை. ஆல்பம், பெயர், ஊர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். மூக்காண்டி கம்பை ஓங்கினார். நான் பிடித்துக்கொண்டேன். ஏன் பிடித்தேன் என்று இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. பொன்மணி மட்டும் அசையாமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக ஒன்று கேட்டாள்.

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா. நானா எழுதினது. சும்மா கற்பனை."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த இதழில் 'அந்தக் கடிதம் நாங்களே எழுதியது' என்று நாலு வரி போட்டால் போதும், கொண்டுபோய்க் காட்டுகிறோம் என்று மூக்காண்டி கெஞ்சினார். ஆறுமுகச்சாமி விட்டத்தைப் பார்த்தார்.

"அதெப்படிவே போட முடியும்? கடிதமே நாங்க எழுதினதுன்னா, மத்ததும் அப்படித்தானேன்னு கேப்பான். நாளைக்கு நான் ஓட்டுக் கேட்டுப் போக வேண்டாமா? ஏதாவது செய்யுதோம், போய்ட்டு வாங்க."

ஏதாவது செய்கிற பொறுப்பு எடிட்டர் தலையில் விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் நேரே பனவடலிசத்திரத்துக்கு பஸ் ஏறியிருப்பான். அந்த வீட்டு வாசலில் நின்று, நான்தான் எழுதினேன், இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருப்பான். இரண்டு அறை விழுந்திருக்கும், வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். மகாராஜாவுக்கு அது தோன்றவில்லை. அவனுக்குக் கதைதான் தோன்றும். அடுத்த மாத ஆவுடையைக் கடையில் போட வந்தபோது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"பிரச்சினைய முடிச்சிட்டேன் அண்ணாச்சி. பக்கத்தப் புரட்டிப் பாருங்க. பாசிட்டிவா முடிச்சிருக்கேன்."

புரட்டினேன்.

'அன்புள்ள கோமதியக்கா, தாங்கள் சொன்னபடியே நெய் விளக்கு ஏற்றி வந்தேன். என் கொழுந்தன் திருந்திவிட்டார். இப்போது என்னைத் தாயாக மதிக்கிறார். எங்கள் வீட்டில் நிம்மதி நிலவுகிறது. கோடி நன்றி. - பொன்மணி, பனவடலிசத்திரம்.'

என் வாழ்நாளில் எத்தனையோ முட்டாள்களைப் பார்த்திருக்கிறேன். மூளை இல்லாதவன் செய்கிற முட்டாள்தனத்துக்கு ஓர் எல்லை உண்டு. தனக்கு மூளை இருக்கிறது என்று நினைக்கிறவன் செய்வதற்கு எல்லையே இல்லை. புத்தகத்தை அவன் மூஞ்சியில் எறிந்தேன். "ஏல சவத்து மூதி, எழுதலன்னு போடச் சொன்னா, அவ ரெண்டு தடவ எழுதுனதா போட்டுருக்கியேல" என்று கத்தினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவன் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினான். படைப்பாளியை ஊர் புரிந்துகொள்ளாது என்ற முகத்தோடு போய்விட்டான்.

நான் பயந்தபடியேதான் ஆயிற்று. இந்தத் தடவை பொன்மணி தனியாக வந்தாள். கடைக்குள் ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு மகாராஜாவுக்கு போன் போட்டேன். வராவிட்டால் அங்கே வந்து இழுத்துக்கொண்டு வருவேன் என்று சொன்னதால் வந்தான். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தவனை அவள் கையமர்த்தினாள்.

"சார், மொதல்ல நீங்க எழுதினது நெசம்."

அவனுக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை.

"கொழுந்தன் கதவத் தட்டத்தான் செஞ்சான். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல. அத்தைக்கும் தெரியும். நான் யார்ட்டயும் சொல்லல, எங்கப்பாட்டகூடச் சொல்லல. நீங்க எழுதினதப் பாத்ததும் எனக்கு ஈரக்கொல நடுங்கிருச்சு. யாருக்கோ தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். அதான் அன்னைக்கு யாரு சொன்னான்னு கேட்டேன்."

மகாராஜா கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டான்.

"ரெண்டாவதா ஒண்ணு போட்டியல்லா, அதுதான் பொய். அதக் காட்டி எங்க வீட்டுக்காரரு என்ன சொல்லுதாரு தெரியுமா? 'அவன் திருந்திட்டான்னு நீயே எழுதிட்ட. பெறவு என்ன? அம்மா கால்ல விழுந்துட்டு வீட்டுக்குப் போ'ங்காரு. போனா அந்தக் கதவுக்குப் பின்னாலதான் படுக்கணும். போகலன்னா எம் பிள்ள எனக்கு இல்ல."

"அப்ப நான் என்னக்கா செய்யட்டும்?" அவன் குரல் ஒரு வழியாக மனுஷக் குரலாக இருந்தது.

"நான் சொல்லுதத அப்படியே போடுங்க. எம் பேரு, ஊரு போட்டுப் போடுங்க. நான் எழுதாதத எல்லாம் எம் பேர்ல போட்டிய. நான் சொல்லுதத மட்டும் போட மாட்டியளா?"

நான் குறுக்கிட்டு, மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாமே தாயி, நான் கூட வருகிறேன் என்றேன். "அங்கயும் போவேன் அண்ணாச்சி. ஆனா எங்க வீட்டுக்காரரு மொதல்ல படிக்கணும். நான் போன்ல அழுதா நடிக்கேம்பாரு. புஸ்தகத்துல வந்தா நம்புவாரு. பொய்யவே நம்புனாருல்லா" என்றாள்.

பிறகு சொன்னாள். அவன் போனில் தட்டிக்கொண்டே வந்தான். 'கொழுந்தன் திருந்தவில்லை. முன்னால் வந்த நன்றிக் கடிதம் நான் எழுதியது இல்லை. நான் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக மாட்டேன். எனக்கு என் பிள்ளை வேண்டும். என் வீட்டுக்காரர் தனியாக வீடு பார்த்து எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனால் போவேன். இல்லையென்றால் நான் உழைத்து என் பிள்ளையை வளர்ப்பேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.' அழாமல் சொன்னாள். அவன் கண்தான் கலங்கியிருந்தது. முடித்ததும் வாசித்துக் காட்டினான். ஒரு வார்த்தைகூடத் தன் சரக்கைச் சேர்க்கவில்லை.

"பேரோட போடுதேன்க்கா. சத்தியமாப் போடுதேன்" என்றான்.

அந்த ஒரு நிமிஷம் எனக்கே அவன்மேல் மரியாதை வந்தது. பையன் பிழைத்துவிட்டான் என்று நினைத்தேன். எனக்கும் வயதாகிவிட்டது.

கோயில் திருவிழாவுக்கான ஆடித்தபசு மலர் தடியாக வந்தது. பிரியாணிக் கடை விளம்பரம், ஜவுளிக்கடை விளம்பரம், அட்டையில் ஆறுமுகச்சாமி பட்டு வேட்டியில் நின்றார். உள்ளே ஒரு முழுப் பக்கத்துக்கு மகாராஜாவின் படம். 'இளம் இதழியல் செம்மல்' என்று விருது கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தது ஆவுடை வாசகர் வட்டம். அதன் தலைவர் ஆறுமுகச்சாமி, செயலாளர் மகாராஜா. வட்டத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. கட்டைக் கொண்டுவந்து போட்டவன் என் முகத்தைப் பார்க்காமலே திரும்பினான். கையைப் பிடித்து நிறுத்தினேன். பக்கத்தைத் தேடி எடுத்தேன்.

பொன்மணி சொன்னது அப்படியே இருந்தது, அந்த நன்றிக் கடிதத்தைப் பற்றிய வரியைத் தவிர. கீழே 'பெயர் வெளியிட விரும்பாத வாசகி' என்று போட்டிருந்தது. அதற்கும் கீழே கோமதியக்கா, 'சகோதரி, குடும்பம் என்றால் நாலும் இருக்கும். விட்டுக்கொடுத்துப் போங்கள்' என்றிருந்தாள்.

"சட்டப் பிரச்சினை வரும்னு ஓனர் சொல்லிட்டாரு அண்ணாச்சி. அவங்க பாதுகாப்பையும் பாக்கணும்லா. இதெல்லாம் பத்திரிகை தர்மம்."

"ஏல, பொய்யச் சொல்லும்போது அவ பேரு வேண்டியிருந்துச்சு. நெசத்தச் சொல்லும்போது அவளுக்குப் பேரு கிடையாதா?"

ஜோல்னாப் பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டான். விருது வாங்கினவனிடம் பதில் எதிர்பார்த்தது என் தப்பு. ஆனாலும் அவன் போகவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. எதிரே பஸ்ஸிலிருந்து பொன்மணி இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

தபசுக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. அதற்குள் புகுந்து வந்து, "வந்துருச்சா அண்ணாச்சி?" என்றாள். முகத்தில் ஒரு சிரிப்புகூட இருந்தது. நான் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினாள். கடைசி வரிக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.  இந்தப் பயலை அன்றைக்கே மூக்காண்டியின் கம்பிடம் விட்டிருக்க வேண்டும்.

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அண்ணாச்சி, பேனா இருக்கா?"

கொடுத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். 'பெயர் வெளியிட விரும்பாத வாசகி' என்பதை ஒரு கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில் 'பொன்மணி, பனவடலிசத்திரம்' என்று எழுதினாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உருண்டையான எழுத்து. மேலே ஓரத்தில், 'நன்றின்னு முன்னால வந்தது நான் எழுதினதில்ல' என்று சேர்த்தாள். அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து, அங்கேயே திருச்சூருக்கு அனுப்பினாள். பிறகு கட்டிலிருந்து அடுத்த புத்தகத்தை எடுத்தாள். அதிலும் அடித்தாள், எழுதினாள். அடுத்ததை எடுத்தாள்.

"எல்லாத்துலயுமா தாயி?"

"எங்க ஊர் சலூனுக்கு எது போகும்னு எனக்குத் தெரியாதுல்லா."

நான் கட்டைப் பிரித்துப் பக்கத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். தபசுக்கு வந்த பெண்கள் சிலர் என்னவென்று எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி வாசித்தாள், பக்கத்திலிருந்தவளுக்குச் சொன்னாள். ஆவுடையை முதல்முதலாக ஒருவர் கேட்டு வாங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இளம் இதழியல் செம்மல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கடை வாசலிலேயே நின்றான். போகவும் தெரியவில்லை, உட்காரவும் தெரியவில்லை. பொன்மணி தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. எழுத வெளிச்சம் இல்ல."